கடல் கொண்ட முனையம்

மூன்றாண்டுகளுக்கு முன், எம் துறை மாணவர்களுடன் கல்விச் சுற்றுலாவாகத் தனுஷ்கோடிக்குச் சென்றிருந்தேன். மணல்வெளியில் கூரையிழந்து நிற்கும் தேவாலயச் சுவர்களையும், அதற்கப்பால் சிதைந்து கிடக்கும் இரயில் நிலையத்தின் எச்சங்களையும் மாணவர்கள் வியப்போடு சுற்றிவந்தனர். அப்போது இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் என்னிடம் வந்து, “ஐயா, இது எந்த மன்னர் காலத்துக் கட்டடம்?” என்று வினவினார்.

உடன் நின்றோர் நகைத்தனர். எனக்கோ நகைப்பு வரவில்லை. அந்நிலையம் வீழ்ந்தது 1964ஆம் ஆண்டு. அதனைக் கண்ணால் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அறுபது ஆண்டுக்கால நிகழ்ச்சியொன்று அரசர் காலத்துப் பழமையாய்த் தோன்றுமாயின், பிழை அம்மாணவருடையது அன்று. சொல்லாமல் விட்ட நம்முடையது. அக்குற்றத்தில் எனக்கும் ஒரு பங்குண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

இலக்கியம் பயில்வோர்க்குக் கடல்கோள் புதிதன்று. புகார் நகரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகிறது. கபாடபுரம் கடலுள் மறைந்த கதையை உரையாசிரியர்கள் உரைக்கின்றனர். ஆனால் இருபதாம் நூற்றாண்டில், இருப்புப்பாதையும் தபால் நிலையமும் சுங்கச் சாவடியும் கொண்ட ஓர் ஊரை ஒரே இரவில் கடல் கொண்டதை நம் வகுப்பறைகள் பெரும்பாலும் பேசுவதில்லை.

தனுஷ்கோடி வெறும் கடலோரச் சிற்றூர் அன்று. இரு நாடுகளை இணைத்த இரயில் முனையம். முற்காலத்தில் இலங்கை செல்வோர் இரயிலில் தூத்துக்குடி வரை சென்று, அங்கிருந்து கப்பலேறிக் கொழும்பை அடைந்தனர். 1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் நிலைமை மாறியது. இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு, கப்பல்களுக்கு வழிவிட நடுவே இருபுறமும் தூக்கித் திறக்கும் அமைப்புடைய அப்பாலத்தின் வழியே, சென்னை எழும்பூரில் புறப்பட்ட ‘போட் மெயில்’ நேரே தனுஷ்கோடிக் கடற்கரையைச் சென்றடைந்தது. அங்கே நீராவிக் கப்பல் காத்திருக்கும். இர்வின், கோஷன் என்னும் பெயருடைய கப்பல்கள் அத்துறையில் பல்லாண்டு இயங்கின. கடலைக் கடந்து தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக்குச் செல்லும் இரயில் நிற்கும். எழும்பூரில் வாங்கிய ஒரே பயணச்சீட்டு கொழும்பு வரை செல்லும்.

அவ்வழியே சென்றோர் யாவர்? தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலித் தொழிலாளர். வட்டித் தொழில் நடத்திய நகரத்தார். கொழும்புப் புறக்கோட்டையில் கடை வைத்த நம் கடலோர முஸ்லிம் வணிகர். அக்கடைகளில் கணக்கெழுதியும் துணி கிழித்தும் பிழைத்த ஏழை இளைஞர்கள். அவ்விளைஞர்களுள் ஒருவர் என் பாட்டனார்.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிரிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். இலங்கையில் நாடற்றோராய் இருந்த இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று; எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர்த் தீர்க்கப்படும் என ஒத்திவைக்கப்பட்டது. அவர்களுள் பலருடைய முன்னோர் தனுஷ்கோடித் துறை வழியே சென்றவர்கள். அவ்வுடன்பாடு கையெழுத்தாகி இரண்டு திங்கள் முடியுமுன்னே அத்துறை மறைந்தது. போன வாயில் வழியே திரும்பிவரும் பேறு அவர்களுக்கு வாய்க்கவில்லை.

டிசம்பர் 22ஆம் நாள் இரவு கடும்புயல் வீசியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிப் புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் வண்டி, ஊரை நெருங்கிய நிலையில் பேரலைகளால் அடித்துச் செல்லப்பட்டது. பயணிகள் 110 பேர், ஊழியர் 5 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சீட்டின்றி ஏறியோரையும் சேர்த்தால் தொகை மிகும் என்பர். அவ்வண்டியில் சென்றோர் ஒருவரும் பிழைக்கவில்லை.

அவ்வண்டியில் ஏற வேண்டியவர் என் பாட்டனார். விடுமுறைக்கு வந்திருந்தவர், இலங்கை அனுமதியின் காலம் முடியுமுன் கடைக்குத் திரும்ப வேண்டுமென்று, இராமநாதபுரத்தில் கொழும்பு வரை சீட்டு வாங்கிக்கொண்டு, ஊர்க்காரரான இளைஞர் ஒருவருடன் புறப்பட்டார். பாம்பனில் வண்டி மாற இறங்கியபோது, அங்கிருந்த உறவினர், “இந்தக் காற்றிலா போவது? இராத் தங்கிக் காலையில் போகலாம்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டனார் தங்கிவிட்டார். உடன்வந்த இளைஞரோ, “நான் முன்னே போய்க் கப்பலில் இடம் பிடித்து வைக்கிறேன், காக்கா” என்று சொல்லி ஏறிச் சென்றார்.

விடிந்தபோது தனுஷ்கோடி இல்லை. பாம்பன் பாலத்தின் இரும்பு உத்தரங்களிற் பெரும்பாலானவை கடலுக்குள் கிடந்தன. தந்திக் கம்பிகளும் அறுந்துபோயின. தீவில் இருந்தவர் கரைக்கு ஒரு சொல்லும் அனுப்ப இயலவில்லை. அவ்விரவு வண்டியில்தான் அவர் சென்றார் என்பது ஊருக்குத் தெரியும். வண்டி மூழ்கிய செய்தியும் வந்துவிட்டது. ஜமாஅத்துப் பெரியவர்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தனர். பாட்டியார் இத்தா இருக்கத் தொடங்க வேண்டுமென்று சிலர் மெல்லக் கூறினர். பாட்டியாருக்கு அப்போது முப்பது வயது. கைக்குழந்தையோடு மூன்று பிள்ளைகள். கதவுக்குப் பின்னின்று அவர் சொன்னது இதுதான்: “கண்ணால் கண்டவர் ஒருவர் வந்து சொல்லட்டும். அதுவரை நான் அவருக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பேன்.”

அவ்வாறே எட்டு நாள் உலை வைத்தார். ஒன்பதாம் நாள் பாட்டனார் படகில் மண்டபம் சேர்ந்து, அங்கிருந்து நடந்தும் வண்டியேறியும் வீடு வந்தார். வாசலில் நின்றவரைக் கண்டு பாட்டியார் அழவில்லையாம். “சோறு இருக்கிறது, கையைக் கழுவுங்கள்” என்றாராம். அடுத்த வெள்ளிக்கிழமை அவ்விளைஞருக்காக ஊர்ப் பள்ளிவாசலில் காயிப் ஜனாஸாத் தொழுகை நடந்தது. முன்வரிசையில் நின்ற பாட்டனாரால் கடைசி வரை நிற்க முடியவில்லை.

பாலத்தை 46 நாட்களில் சீரமைத்தார்கள். அப்பணியை முன்னின்று நடத்திய இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன், பிற்காலத்தில் கொங்கண் இரயில்வேயாலும் தில்லி மெட்ரோவாலும் புகழ்பெற்றார். கடலுள் வீழ்ந்த உத்தரங்களைத் தேடியெடுக்கத் துணைநின்றவர்கள் நம் மீனவர்கள். ஆயினும் தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்தது. இருப்புப்பாதை இராமேசுவரத்தோடு நின்றது. அங்கிருந்து தலைமன்னாருக்குச் சென்ற கப்பலும் 1980களில், இலங்கைப் போர்ச் சூழலில், நின்றுபோயிற்று.

பாட்டனாரின் அனுமதிக் காலம் அதற்குள் முடிந்துவிட்டது. புறக்கோட்டைக் கடையில் அவர் இடத்துக்கு வேறோர் ஆள் வந்துவிட்டார். பிழைப்புத் தேடிக் குடும்பம் வடக்கே நகர்ந்தது. தோல் தொழிற்சாலையால் பெயர்பெற்ற குரோம்பேட்டையின் அருகே, தோல் பதனிடும் இடமொன்றில் என் வாப்பாவுக்கு வேலை கிடைத்தது. பெருமாள் நான்கு கோலங்களில் காட்சி தருவதாகப் போற்றப்படும் திருநீர்மலையின் அடிவாரத்தில் குடியேறினோம். அங்கேதான் பிறந்தேன், அங்கேதான் தமிழ் கற்றேன். இரவில் காற்று வாகாய் வீசினால் பல்லாவரம் பக்கத்து இரயிலோசை வீட்டில் கேட்கும். “போட் மெயில் போகிறது” என்பார் பாட்டனார். கப்பலில்லாத அவ்வண்டியை அவர் கடைசி வரை அப்பெயராலேயே அழைத்தார்.

அவர் 1991இல் மறைந்தார். அவருடைய தகரப் பெட்டியில் புறக்கோட்டைக் கணக்குக் குறிப்பேடும், அதனுள் பயன்படாத அக்கொழும்புச் சீட்டும் இருந்தன. 1996இல் வீடு மாறியபோது, பழந்தாள்கள் இடத்தை அடைப்பதாகச் சொல்லி, அப்பெட்டியில் இருந்தவற்றை எடைக்குப் போட்டவன் நானே. அப்போது தமிழிலக்கியம் பயிலப் புகுந்திருந்தேன்; சங்க காலத்துத் துறைமுகங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். பாட்டியார் மாலையில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, என்னைக் கடிந்துகொள்ளாமல், அன்றிரவே முதன்முறையாக மேற்கண்ட வரலாறு முழுவதையும் எனக்குச் சொன்னார். மறுநாள் காலை பழந்தாள் கடைக்கு ஓடினேன். தாள்கள் போய்விட்டிருந்தன.

உலகின் பெருநகரங்கள் தம் முனையங்களைத் தாமே இடித்ததுண்டு. பம்பாயில் கொலாபா முனையம் 1930ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டுப் பின் அழிந்தது. இலண்டன் யூஸ்டன் நிலையத்தின் கல்தோரண வாயில் 1960களின் தொடக்கத்தில் தகர்க்கப்பட்டது. நியூயார்க்கின் பென்சில்வேனியா நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கியபோது எழுந்த வருத்தமே, அந்நகரில் 1965இல் மரபுச் சின்னப் பாதுகாப்புச் சட்டம் பிறக்கத் தூண்டுதலாயிற்று. நம் சென்னையில் 1856இல் எழுந்த இராயபுரம் நிலையம், முதன்மை இழந்தும், இன்றளவும் நிற்பது நம் நற்பேறு. தனுஷ்கோடியை இடித்தது கடல். அதற்கு நாம் பொறுப்பல்லோம். ஆனால் அதன் நினைவை எடைக்குப் போட்டது கடலன்று.

2015இல் தலைமன்னார்த் துறை வரை இரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. 2017இல் தனுஷ்கோடி வழியே அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. 2019இல் இராமேசுவரம் – தனுஷ்கோடி இருப்புப்பாதைக்கு அடிக்கல் நாட்டினர். ஆயினும் பாதை எழவில்லை. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய பாலம் திறக்கப்பட்டது. பாதைகள் வரலாம், வராமலும் போகலாம். அவற்றின் வழியே சென்றோர் வரலாறு, கேட்டு எழுதினாலன்றி வாராது.

என்னை வினவிய மாணவரிடம், அன்று அம்மணலில் அமர்ந்து இவ்வளவையும் கூறினேன். மறுவாரம் அவர் என் அறைக்கு வந்தார். அவருடைய தந்தைவழிப் பாட்டியும் பிள்ளைப்பருவத்தில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி வந்தவராம். இதுவரை வீட்டில் எவரும் கேட்டதில்லையாம். பள்ளிக்கூட நோட்டில் பதினாறு பக்கம் எழுதிக் கொணர்ந்திருந்தார். பிழைகளைத் திருத்தித் தருமாறு வேண்டினார். சந்திப்பிழைகளை மட்டும் திருத்தினேன். பாட்டியின் சொற்களில் கை வைக்கவில்லை. படியெடுத்துக்கொண்டு மூலத்தை அவரிடமே கொடுத்து, “பெட்டியில் வையுங்கள், வீடு மாறும்போது மறவாதீர்கள்” என்றேன்.