நான்கு மில்லிமீட்டர்

என் அக்காள் மகனுக்குக் கார்ப் பந்தயப் பைத்தியம். நம் வட்டாரத்தில் இது புதிதல்ல. 1968-இல் பத்து தீகா பந்தயத் திடல் திறந்தபோதே தொற்றியது. 1999-இல் செப்பாங் வந்தது. அங்கேதான் இவனும் எப்போதாவது ஒரு ஞாயிறு ஓட்டுவான். மற்ற நாளெல்லாம் அதே பழைய புரோட்டோனில்தான் அக்காள் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போய் வருகிறார்.

பின்பக்க ஸ்டெபிலைசர் பாரை மாற்ற வேண்டுமென்று வந்து நின்றான். அது என்னவென்று கேட்பீர்கள். இடது, வலது சக்கரங்களை இணைக்கும் எஃகுக் கம்பி. வளைவில் கார் சாயும்போது முறுக்கிக்கொண்டு சாய்வைக் குறைக்கும். முன்சக்கரம் இழுக்கும் கார் வளைவில் திரும்பாமல் நேரே ஓடப் பார்க்கும். பின்கம்பி கனத்தால் அந்தக் குணம் குறையும்.

இருந்தது 18 மில்லிமீட்டர், கேட்டது 22. "நாலு மில்லிதானே மாமா!" என்றான்.

நாலு மில்லிதானா? கம்பியின் விறைப்பு, கனத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். கணக்குப் போட்டால் இரண்டு மடங்குக்கும் மேல்! காய்ந்த திடலில் சுகம்தான். மாலை மழையில், கூட்டரசு நெடுஞ்சாலை வளைவில் சட்டென்று எண்ணெய்க் காலை எடுத்தால் வால் வழுக்கிச் சுழலும். திடலில் மணல் தாங்கும். இங்கே பக்கத்தில் லோரி.

முதலில் தேய்ந்த டயரை மாற்றச் சொன்னேன். பிறகு 20 மில்லி, முனையில் இரண்டு துளை உள்ளதாக வாங்கினோம். உள்துளையில் பூட்டினால் விறைப்பு, வெளித்துளையில் இளக்கம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், இருக்கட்டும். பந்தயம் முடிந்த திங்கட்கிழமை, அக்காள் ஏறுமுன் நானே குனிந்து துளையைப் பார்த்துவிடுகிறேன்.