24 பிட்டும் மைல்ஸ் டேவிஸும்

'192 கிலோஹெர்ட்ஸ்ல கேட்டாத்தான்யா அது ஜாஸ்' என்று சத்தியம் பண்ணும் நண்பர்கள் எனக்கு உண்டு. பொட்டி தட்டுறவனுக்கு முதலில் கணக்குதானே கண்ணில் படும்? சிடி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். இவங்க சொல்ற 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸில் அதைப் போல ஆறரை மடங்கு தகவல். ஆனால் மனுஷக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு கடையைச் சாத்திவிடும். அதுவரைக்கும் சிடியே தாங்கும்.

அப்போ எதைப் பார்த்து வாங்குறது?

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வையே எடுத்துக்குங்க. 1959 மார்ச் 2, நியூயார்க், கொலம்பியாவின் 30ஆவது தெரு ஸ்டுடியோ. அன்றைக்கு மாஸ்டர் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும் இல்லையா? இசைத்தட்டின் முதல் பக்கத்து மூன்று பாட்டும் அப்படியே வெளிவந்துடுச்சு. கூடவே வாசித்துப் பழக நினைத்தவர்களுக்கு வாத்தியம் அதோடு சேராது.

33 வருஷம் கழித்து, 1992ல்தான் சரி பண்ணினார்கள். பதிவின்போது பாதுகாப்புக்காக ஓடிய இன்னொரு மெஷினின் டேப் கைகொடுத்தது. திருத்தம் வந்தது எதில் தெரியுமா? அதே 16 பிட் சிடியில்! மைல்ஸ் 1991லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கோல்ட்ரேன் 1967ல்.

அதனால மக்களே, ஹை-ரெஸ் ஆல்பத்துக்குக் காசு கொடுக்குமுன் எத்தனை பிட் என்று கேட்காதீங்க. எந்த டேப்பிலிருந்து எடுத்தது என்று கேளுங்க. தப்பான சுருதியை 24 பிட்டில் போட்டாலும், அது துல்லியமான தப்பு, அவ்வளவுதான் :-)