நட்சத்திரம் போட்ட லாரி

பழைய மோட்டார் கார்களைக் கொண்டாடுவதற்கு நம் தேசத்தில் ஆட்களுக்குக் குறைவே இல்லை. மகாராஜா ஏறிச் சென்ற வண்டி, ஜமீன்தார் வைத்திருந்த வண்டி என்று தேடிப் பிடித்து, பித்தளையைத் துலக்கி, ஊர்வலம் விட்டு, மாலையும் போடுகிறார்கள். போடட்டும், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த மகாராஜாவின் சமையலறைக்கு உருளைக்கிழங்கு சுமந்துபோன லாரி எங்கே என்று யாராவது கேட்டதுண்டா? பழைய இரும்புக் கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

என் மாமனார் விட்டுச் சென்ற லாரியும் அந்தக் கடைக்குத்தான் போயிருக்கும். கொடைக்கானல் மலையில் பெருமாள்மலைக்கு அருகே, ஒரு தகரக் கொட்டகையில், அது இருபது வருஷத்துக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. 1959-ஆம் வருஷத்து டாட்டா-மெர்ஸிடிஸ்-பென்ஸ். ஆறு ஸிலிண்டர் டீசல் எஞ்சின். என் மைத்துனர் எடை போட்டு விலையும் பேசிவிட்டார். என் மனைவிதான், "அப்பா இந்த லாரியை ஓட்டித்தான் நம் இரண்டு பேரையும் படிக்க வைத்தார். அதைத் தராசில் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன், அண்ணா" என்று நின்றுவிட்டாள். பள்ளிக்கூட வாத்தியார் சம்பளத்தில் லாரி ரிப்பேரா என்று அண்டை அயலார் சிரித்தார்கள். சிரிப்பதற்கு நியாயம் உண்டு.

இந்த மலைக்கும் லாரிக்கும் உள்ள சம்பந்தத்தை வாசகர்கள் சற்று அறிந்துகொள்ள வேண்டும். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது, மேலே வருகிறவர்கள் குதிரையில் வந்தார்கள், அல்லது மனிதர் தோளில் டோலியில் வந்தார்கள். மேஜர் லா என்ற வெள்ளைக்கார என்ஜினீயர் வகுத்த மலைப்பாதை மோட்டாருக்குத் திறந்தது முதல் உலக யுத்த காலத்தில்தான். வத்தலக்குண்டிலிருந்து (ராஜமையரும் பி.எஸ். ராமையாவும் பிறந்த ஊர் அது என்பதை ஒரு தமிழ் வாத்தியார் சொல்லாமல் போகக் கூடாது) புறப்படும்போது கடல்மட்டத்துக்குமேல் சுமார் 1,000 அடி, கொடைக்கானலில் ஏறக்குறைய 7,000 அடி. பூம்பாறைப் பூண்டும், மன்னவனூர் உருளைக்கிழங்கும், காரட்டும், பேரிக்காயும் மதுரைக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் போனது அந்த வளைவுகளின் வழியாகத்தான். மேல்மலையில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாவதும், ஒரு பையன் காலேஜில் சேர்வதும், லாரி காலத்தில் சந்தைக்குப் போய்ச் சேர்வதைப் பொறுத்திருந்தது.

ரிப்பேருக்கு வந்தவர் வத்தலக்குண்டு மேஸ்திரி ஒருவர். எழுபது வயதைக் கடந்தவர், மாமனாருக்குப் பழக்கமானவர். வேறு ஒரு பட்டறையில், "இந்த எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வையுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மேஸ்திரியோ வந்த அன்று எதையுமே திருகவில்லை. நாஸில்களை மட்டும் கழற்றி, அந்தத் துவாரங்களில் எண்ணெய் விட்டு, துணியால் மூடிவிட்டு, "எட்டு நாள் கழித்து வருகிறேன், ஸார்" என்று போய்விட்டார். துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட பிஸ்டனைப் பலாத்காரமாக அசைத்தால் வளையங்கள் முறிந்துவிடுமாம். ஒன்பதாம் நாள் வந்து, ஃப்ளைவீலின் பற்களில் கடப்பாரையைக் கொடுத்து மெள்ள நெம்பினார். ஒரு விரற்கடை நகர்ந்தது. அவர் முகத்தில் அப்போது தோன்றிய சந்தோஷத்தை, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையன் முகத்தில்கூட நான் கண்டதில்லை.

டீசல் எஞ்சின் ஓர் அதிசயப் பிராணி. 1897-இல் ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் அதை ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் எஞ்சினைப்போல் அதற்குத் தீப்பொறி வேண்டியதில்லை. வெறும் காற்றையே இருபதில் ஒரு பங்காக நெருக்கினால் அது பழுக்கக் காய்ந்துவிடும். அதில் எண்ணெயைப் புகைபோல் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். தெளிக்கிற பம்புதான் அதன் பிராணன். இந்த லாரியின் பம்பில் ஆறு சிறு உலக்கைகளும் ஆறு குழாய்களும் உண்டு. உலக்கைக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் இரண்டு மூன்று பங்கு. ஆகையால் ஒரு குழாயின் உலக்கையை இன்னொன்றில் மாற்றிப் போடவே கூடாது. ஜோடி பிரிந்தால் இரண்டும் வீண். மேஸ்திரி அவற்றை ஆறு கிண்ணங்களில் தனித்தனியாக வைத்து, மேலே சாக்கட்டியால் எண் எழுதினார். என் பள்ளிக்கூடத்துச் சாக்கட்டிதான்.

மலை உயரத்துக்கும் டீசலுக்கும் ஒரு தகராறு உண்டு. கொடைக்கானலில் காற்றின் அழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைவு. பழைய பம்புக்கு அது தெரியாது. மதுரையில் ஊற்றுகிற அளவையே இங்கேயும் ஊற்றும். காற்றுப் போதாமல் எரியாத மிச்சம் கரும்புகையாய் வெளியேறும். மார்கழிக் குளிரிலோ வண்டி எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஹீட்டர் பிளக் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். பிளக் போய்விட்ட லாரிகளை டிரைவர்கள் இராத்திரி இறக்கத்தில்தான் நிறுத்துவார்கள்; காலையில் உருட்டிவிட்டால் கிளம்பிவிடும்.

எஞ்சின் தேறியதும் வீட்டில் யுத்தம் ஆரம்பித்தது. எடைக்குப் போடச் சொன்ன மைத்துனரே இப்போது பெரிய லாரி பக்தராகிவிட்டார். ஜெர்மனியில் 1950-களில் ஓடிய லாரியின் படம் ஒன்றைக் கொண்டுவந்து, "அசல் உருவம் இதுதான். தகடு அடித்து இப்படியே கட்டிவிடுவோம்" என்றார். மேஸ்திரி படத்தை நெடுநேரம் பார்த்தார். "அது ஜெர்மனி லாரி, ஸார். உங்கள் அப்பா வைத்திருந்தது நம்ம ஊர் லாரி" என்றார்.

அவர் சொன்னதுதான் உண்மை. கம்பெனி விற்றது சேஸிஸும் எஞ்சினும் முன்முகமும் மட்டுமே. டிரைவர் உட்காரும் மரக் கூண்டையும், பின்னால் பாரம் ஏற்றும் தொட்டியையும் நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் ஆசாரிகள் கட்டினார்கள். நெற்றியில் சாமி பெயர் எழுதும் பலகை, பக்கத்தில் தாமரைப்பூ, டிரைவர் தலைக்குமேல் வெற்றிலைப் பெட்டி வைக்க ஒரு மாடம், எல்லாம் அவர்கள் கைவேலை. எங்கள் லாரிக்கு அசல் உருவம் என்று ஒன்று இருந்தால் அது உளியால் செதுக்கிய உருவம். கூண்டு மரத்திலேயே ஆகிறது.

முன்னால் இருக்கும் மூன்று முனை நட்சத்திரத்தைப் பற்றியும் சிலர் வாதம் செய்தார்கள். டாட்டா கம்பெனி ஜெர்மானியரோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது 1954-இல். 1969-இல் அந்தக் கூட்டு முடிந்து, நட்சத்திரம் இருந்த இடத்தில் டாட்டாவின் எழுத்து ஏறியது. "சுதேசி எழுத்தையே வைக்கலாமே?" என்றார் என் சக உபாத்தியாயர். நான் இசையவில்லை. 15 வருஷம் குருவிடம் படித்துவிட்டுத் தானே தொழில் நடத்தினான் ஒரு சிஷ்யன். அவன் படித்த காலத்துப் போட்டோவில் குருவின் முகத்தைச் சுரண்டுவானேன்?

இவ்வளவும் செய்து சர்க்காரிடம் என்ன மரியாதை என்று கேட்கிறீர்களா? 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளைப் புராதன வண்டிகளாகப் பதிவு செய்ய 2021-இல் விதி வந்தது. 20,000 ரூபாய் கட்டினால் 'வி.ஏ.' என்ற எழுத்துக்களோடு தனி நம்பர் உண்டு. ஆனால் அந்தக் கௌரவம் சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கே! பாரம் சுமந்த ஜாதிக்கு அதில் இடமில்லை. உல்லாசமாய்ப் போனவனுக்குப் பட்டம், உழைத்தவனுக்குத் தராசு என்பது என்ன நீதியோ!

போன மார்கழியில் ஒரு விடியற்காலை எஞ்சினைக் கிளப்பினோம். மூன்றாம் முறை பற்றிக்கொண்டது. கொட்டகைத் தகரமெல்லாம் கடகடவென்று அதிர்ந்தது. கண் மங்கிப்போன என் மாமியார் வாசல் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"புகை கறுப்பாக வருகிறதா, மாப்பிள்ளை?" என்றார்.

"ஆமாம், அத்தை."

"அப்படியானால் அதே வண்டிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிரேக் டிரம்கள் கடைசலுக்குத் திண்டுக்கல் போயிருக்கின்றன. அவை வந்து சேரும்வரை சக்கரங்களுக்கு அடியில் கல் வைத்திருக்கிறோம்.