மாலுமி இல்லாப் படகு

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வரைவோர் இலக்கியம், வரலாறு, ஒழுக்கம் ஆகியவற்றுள் ஒன்றைப் பொருளாகக் கொள்வது மரபு. நான் இம்முறை ஒரு மாதிரிப் படகைப் பற்றி எழுத முன்வந்துள்ளேன். இரண்டு முழ நீளமே உடைய அப்படகினுள் கட்டைவிரல் அளவுள்ள கணிப்பொறி ஒன்று அமர்ந்து சுக்கான் பிடிக்கின்றது. அதனைச் செய்தவர்கள் என்னிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்ற முதலாண்டு மாணவர் நால்வர். அவருள் ஒருவன் என் தமக்கையின் மகன். இரண்டு பருவம் அவர்களோடு ஏரிக்கரையில் நின்று கண்டவற்றை மாணவச் செல்வங்களும் ஆசிரியப் பெருமக்களும் ஊர்ப் பெரியோரும் அறிதல் நன்றெனக் கருதுகின்றேன்.

தகரப் படகு

எங்கள் ஊராகிய கிளியனூர், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் சாலையில் அமைந்தது. ஊரில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. ஆயினும் கிழக்கே சென்றால் கழுவெளியும், அதற்கப்பால் வங்கக் கடலும் உண்டு. ஆதலின் எங்கள் பிள்ளைகளுக்குப் படகு என்றால் தனி ஆசை.

எங்கள் இளமையில் சந்தனக்கூட்டுக் கடைகளிலும் மாரியம்மன் திருவிழாக் கடைகளிலும் தகரப் படகு விற்பார்கள். அதன் வயிற்றில் ஒரு சிறு கொதிகலம் இருக்கும். அதிலிருந்து இரண்டு குழாய்கள் பின்புறமாக நீருக்குள் நீண்டிருக்கும். எண்ணெய்த் திரியை ஏற்றினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குழாயிலுள்ள நீரைப் பின்னே தள்ளும். ஆவி குளிர்ந்ததும் நீர் மீண்டும் உள்ளேறும். தள்ளும்பொழுது நீர் ஒரே திசையில் பாய்கின்றது. உறிஞ்சும்பொழுது நாற்புறமிருந்தும் வருகின்றது. ஆகவே படகு முன்னேறும். அத்தா வாங்கித் தந்த அப்படகு அண்டா நீரில் 'டப டப' என ஓடியது இன்றும் நினைவில் உள்ளது. ஆனால் அதற்குத் திசை தெரியாது. விட்ட போக்கிலே சென்று முட்டிய இடத்தில் நின்றுவிடும்.

திசையறிந்து செல்லும் சிறு படகைச் செய்ய வேண்டும் என்னும் வேட்கை பழமையானது. 1898ஆம் ஆண்டு நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரில், நீர்த்தொட்டி ஒன்றில் மிதந்த சிறு படகைக் கம்பித் தொடர்பின்றி வானொலி அலைகளால் இயக்கிக் காட்டினார். பின்னர் வானொலிக் கருவிகொண்டு மாதிரிப் படகு விடுதல் பல நாடுகளில் பொழுதுபோக்காக வளர்ந்தது. அவற்றிலெல்லாம் படகு நீரில் இருப்பினும் அறிவு கரையில் நிற்பவர் கையில் இருந்தது. அவ்வறிவின் ஒரு பகுதியைப் படகினுள்ளேயே வைத்து அனுப்பலாம் என்னும் நிலையை, எளிய விலைக் கணிப்பொறிகள் நம் காலத்தில் உண்டாக்கிவிட்டன.

கைலி விலையில் கணிப்பொறி

2005ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் இவ்ரேயா நகரிலிருந்த வடிவமைப்புக் கல்வி நிறுவனம் ஒன்றில் 'ஆர்டுயினோ' என்னும் மின்சுற்றுப் பலகை பிறந்தது. மின்னணுவியல் பயிலாத மாணவரும் கையாள வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து 'ராஸ்பெர்ரி பை' வெளிவந்தது. அதன் விலை 35 டாலர். கணிப்பொறியியல் பயில வரும் இளைஞரின் எண்ணிக்கையும் திறனும் குறைந்து வருவதைக் கண்டு கவலையுற்ற எபென் அப்டன் முதலியோர், பிள்ளைகள் அஞ்சாமல் தொட்டுப் பழகத்தக்க பொறி ஒன்று வேண்டும் என்று எண்ணியதன் பயனே அது. 2021இல் அதே நிறுவனம் 4 டாலர் விலையில் 'பைக்கோ' என்னும் பலகையை வெளியிட்டது. சென்னை ரிச்சி தெருவில் எம் மாணவர் அதனை வாங்கியபொழுது கொடுத்த தொகை நல்ல கைலி ஒன்றின் விலைக்கு மேற்படவில்லை.

இவ்விருவகைப் பொறிகளுக்கும் வேறுபாடு உண்டு. ராஸ்பெர்ரி பை முழுக் கணிப்பொறி. ஒளிப்படக் கருவியையும் இயக்கும். ஆனால் விழித்தெழச் சிறிது நேரம் எடுக்கும். மின்சாரம் திடீரென நின்றால் அதன் நினைவட்டை பழுதாதலும் உண்டு. ஆர்டுயினோவும் பைக்கோவும் பெரிய வேலை அறியா. எனினும் மின்சாரம் பட்ட நொடியே பணியைத் தொடங்கிவிடும். சுக்கான் பிடிக்க அத்தகைய எளிய ஏவலாளே ஏற்றது.

தெர்மாகோலில் உடலைச் செதுக்கி, அதன்மேல் கண்ணாடியிழைத் துணியை எபாக்சிப் பிசினால் ஒட்டினார்கள். வேறு சில பிசின்கள் தெர்மாகோலையே கரைத்துவிடும் என்பதைக் கடைக்காரர் முன்னரே சொல்லியிருந்தார். விசிறியைச் சுழற்றும் தண்டு செல்லும் குழாயில் நீர் புகாதிருக்கக் கிரீஸ் அடைத்தார்கள். சுக்கானைத் திருப்புவது 9 கிராம் எடையுள்ள சர்வோ மோட்டார். ஒரு நொடியில் 50 முறை அதற்கு மின்துடிப்பு செல்கின்றது. துடிப்பு 1.5 மில்லிநொடி நீடித்தால் சுக்கான் நேராக நிற்கும். குறைந்தால் ஒருபுறமும் மிகுந்தால் மறுபுறமும் திரும்பும். திசைகாட்டிச் சில்லை மோட்டாரின் காந்தத்திற்கு எட்டாத் தொலைவில், படகின் முன்புறம் பொருத்தினார்கள்.

அச்சம் தீர்ந்த கதை

அந்நால்வருள் ஒருத்தி, மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவரின் மகள். அவள் பயின்ற பள்ளியில் கணிப்பொறி அறை இருந்தது. செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். ஒரு பொறிக்கு நால்வர். விசைப்பலகையைத் தொடும் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். 'தொடாதே, கெட்டுவிடும்' என்பதே அவள் அங்குக் கற்ற முதற்பாடம். ஆகவே எங்கள் குழுவிலும் கைகட்டி நின்றாள். "உடைந்தால் யார் ஐயா பணம் கட்டுவது?" என்று கேட்டாள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளின் கல்வியைத் தடுத்து நிறுத்தும் வினா இதுதான்.

ஒருநாள் அவள் அஞ்சியது நடந்தது. 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும் காலின்மேல் 7.4 வோல்ட் பாட்டரியின் கம்பி பட்டுப் பலகை கருகியது. கம்பியைப் பிடித்திருந்தவள் அவளே. முகம் வெளுத்து நின்றாள். என் தமக்கை மகன் சிரித்துக்கொண்டே, "போனால் போகிறது, ஒரு கைலிதானே?" என்று சொல்லி வேறொரு பலகையை எடுத்து வைத்தான். யாரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. யாருடைய வீட்டுக்கும் ஓலை செல்லவில்லை. கருகிய பலகையை அவள் தன் குறிப்பேட்டில் ஒட்டி, அதன்கீழ்க் கம்பிகளின் சரியான இணைப்பை வரைந்துகொண்டாள். அன்றுமுதல் பற்றவைப்புக் கோல் அவள் கையிலேயே இருந்தது.

அடுத்த இடையூறு, மோட்டார் சுழலத் தொடங்கியதும் கணிப்பொறி மயங்கி நின்றது. அவள் தன் தந்தையிடம் சென்று கேட்டாள். மோட்டாரின் கார்பன் தேயும் இடத்தில் தீப்பொறி எழுவதால் மின்னோட்டத்தில் அலைச்சல் உண்டாகும் என்றும், மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே சிறு கண்டன்சர் வைக்க வேண்டும் என்றும், கணிப்பொறிக்குத் தனிப் பாட்டரி தருவதே நல்லது என்றும் அவர் கூறினார். அவ்வாறே செய்தனர், படகு சீரடைந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவர், மகளின் கல்லூரி வேலைக்குத் தாம் விடை சொன்ன நாள் அதுவே முதல் என்று என்னிடம் சொன்னபொழுது அவர் குரல் தழுதழுத்தது.

விதியும் புறனடையும்

படகுக்குத் திசை கற்பித்த முறை எளிது. செல்ல வேண்டிய திசையின் பாகையிலிருந்து இப்பொழுது நோக்கும் திசையின் பாகையைக் கழிக்க வேண்டும். வேறுபாடு பெரிதாயின் சுக்கானை மிகுதியாகவும், சிறிதாயின் சற்றேயும் திருப்ப வேண்டும். அளவு மிகுந்தபொழுது படகு பாம்புபோல் நெளிந்தது. குறைந்தபொழுது சோம்பிச் சென்றது. பலமுறை மாற்றி நடுவளவு கண்டார்கள்.

எல்லாம் செம்மையுற்றது என எண்ணிய வேளையில் படகு வியப்பான செயல் ஒன்றைச் செய்தது. வடக்கிற்குச் சற்று மேற்கே நோக்கி நின்ற படகை, வடக்கிற்குச் சற்றுக் கிழக்கே செல்லுமாறு பணித்தனர். சிறிது வலப்புறம் திரும்பினால் போதும். அதுவோ இடப்புறமாக ஏரியையே வலம்வருவதுபோல் பெருவட்டமிட்டது. மாணவி மணலில் ஒரு வட்டம் வரைந்தாள். "இப்பொழுது 350 பாகை, போக வேண்டியது 10 பாகை. கழித்தால் 340 குறைவு என்று வருகிறது. ஆனால் வட்டத்தில் இரண்டுக்கும் இடையே 20தானே, ஐயா?" என்றாள். வேறுபாடு 180க்கு மேற்பட்டால் 360ஐக் கழி. 180க்கும் மேலாகக் குறைந்தால் 360ஐக் கூட்டு என்று இரண்டு வரி சேர்த்தார்கள். படகு குறுகிய வழியே திரும்பியது.

நான் அவர்களிடம், "இதனை நன்னூலார் அறிவார், விதி கூறி முடித்தபின் அவ்விதியில் அடங்காதவற்றிற்குப் புறனடை கூறுவது நம் இலக்கண மரபு" என்றேன். தமிழ் வகுப்பில் உறங்குவான் எனப் பெயர்பெற்ற மாணவன் ஒருவன், மறுநாள் புணர்ச்சி விதிகளைக் கணிப்பொறிக்குச் சொல்லித்தர முடியுமா என்று என்னிடம் கேட்டான். ஓராண்டாக நான் காத்திருந்த வினா அது.

சொல் காட்டும் உறவு

படகின் உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் எழுதி வருமாறு பணித்தேன். 'ரடர்' என்பதற்குச் 'சுக்கான்' என்று எழுதினார்கள். அது அரபு மொழியின் 'சுக்கான்' என்னும் சொல்லே என்றபொழுது வியந்தார்கள். மீகாமன் என்னும் பழந்தமிழ்ச் சொல்லோடு 'மாலுமி' என்னும் சொல்லும் நம்மிடம் வழங்குகின்றது. இது 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு என்பர் அகராதியார். முஅல்லிம் என்றால் ஆசிரியர். இந்தியப் பெருங்கடலில் கலம் செலுத்தியோர், வழியறிந்து கலத்தை நடத்துபவரை ஆசிரியர் என்றே அழைத்தனர். சோழமண்டலக் கரையில் வந்திறங்கிய வணிகரும் இக்கரையிலிருந்து புறப்பட்ட மரைக்காயரும் பண்டத்தோடு சொல்லையும் ஏற்றி இறக்கினர்.

அக்கடலோடிகளிடம் 'இராப்பலகை' என்றொரு கருவி இருந்தது. சிறு மரப்பலகை, அதன் நடுவே முடிச்சிட்ட கயிறு. பலகையின் கீழ்விளிம்பைத் தொடுவானத்திலும் மேல்விளிம்பை விண்மீனிலும் பொருத்திக் கயிற்றின் முடிச்சை எண்ணினால், துருவமீனின் உயரமும் அதன்வழித் தாம் இருக்கும் இடமும் விளங்கும். அரபியர் இதனைக் 'கமால்' என்றனர். விலை மலிந்த அப்பலகையைக் கொண்டே அவர்கள் பெருங்கடலைக் கடந்தனர். எம் மாணவரும் தம் கணிப்பொறியைப் 'பலகை' என்றே அழைக்கின்றனர்.

மலிவான பலகை எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு நம் காலத்துச் சான்று ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டு டேமன் மெக்மில்லன் என்னும் அமெரிக்கர், ஓய்வு நேரத்தில் தம் வீட்டில் செய்த 'சீசார்ஜர்' என்னும் படகைக் கலிபோர்னியாக் கரையில் கடலில் விட்டார். நீளம் 2.4 மீட்டர், சூரிய ஒளியால் இயங்குவது, அதனை நடத்தியது ஓர் ஆர்டுயினோப் பலகை. ஆளில்லாத அப்படகு 41 நாளில் ஹவாய்த் தீவை அடைந்தது. அங்கிருந்து நியூசிலாந்தை நோக்கி விடப்பட்டு, அந்நாட்டை நெருங்கிய நிலையில் சுக்கான் பழுதுற்றுச் சரக்குக் கப்பல் ஒன்றால் மீட்கப்பெற்றது. பழுதுற்றது சுக்கானே அன்றிக் கணிப்பொறி அன்று என்பதை எம் மாணவர் பெருமையோடு சொல்லித் திரிகின்றனர்.

அப்பலகைக்குத் தானாக எதுவும் தெரியாது. வடக்கு எது, எப்பொழுது திரும்ப வேண்டும், தொடர்பு அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என ஒவ்வொன்றையும் ஒருவர் ஐயந்திரிபறக் கற்பிக்க வேண்டும். தனக்கே விளங்காததை அதற்குச் சொல்ல இயலாது. கற்பவர் கற்பிப்பவராக மாறும் அந்நிலையில் மாணவரே முஅல்லிம் ஆகின்றார். பொறி மலிந்ததன் பெரும்பயன் இதுவே என்பது என் துணிபு.

பெரியோர்க்கும் மாணவர்க்கும்

எங்களுக்கு அண்மையிலுள்ள கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. மழைநீரும் கடலின் உவர்நீரும் கலக்கும் ஆழமற்ற அந்நீர்ப்பரப்பில் மனிதர் கால்வைத்தால் சேறு கலங்கும், பறவை கலையும். வனத்துறையின் ஒப்புதல் பெற்று, நீரின் உவர்ப்பையும் வெப்பத்தையும் அளக்கும் ஓசையற்ற சிறுபடகு ஒன்றை அங்கே விடவேண்டும் என்பது எம் மாணவரின் அவா. அதற்குமுன் ஏரியில் இன்னும் ஓராண்டு பழகவேண்டும் என்று அவர்களே சொல்கின்றனர். அவ்வடக்கம் பாராட்டுக்குரியது.

ஜமாஅத்துப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர் நூலகத்திலோ மதரஸாவின் பக்கத்து அறையிலோ ஒரு மேசை, பத்துப் பலகைகள், ஒரு பற்றவைப்புக் கோல் வைத்துத் தாருங்கள். ஒரு திருமண விருந்தில் எஞ்சிப்போகும் சோற்றின் விலைகூட ஆகாது. அவற்றுள் சில கருகும். அதற்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். ஆண்பிள்ளைகளுக்குத் திறக்கும் அவ்வறை பெண்பிள்ளைகளுக்கும் திறந்திருக்கட்டும்.

மாணவ மணிகளே! தமிழ் பயில்வோர் பொறியைக் கண்டு ஒதுங்க வேண்டா. பொறி பயில்வோர் தமிழைக் கண்டு ஒதுங்க வேண்டா. எம் மாணவர் எழுதிய படகுறுப்புகளின் கலைச்சொற் பட்டியல் தமிழ்த்துறையில் உள்ளது. விரும்புவோர் வந்து படியெடுத்துக்கொள்ளலாம். வரும் பருவத்தில் இரண்டாம் படகுக்கு ஆள் தேவை. முன்னறிவு வேண்டுவதில்லை. வல்ல இறைவன் உங்கள் முயற்சிகளுக்கு நல்வழி காட்டுவானாக!