எதுகையும் வண்ணமும்: பாட்டுப் படநூல் உருவாகும் பட்டறை

எழுத்தறியாத சிறு குழந்தைக்காக, ஓசை நயமுள்ள சில அடிகளையும் அவற்றோடு சேர்ந்தே பொருள் தரும் படங்களையும் பக்கந்தோறும் அமைத்து உருவாக்கும் நூல் இக்கட்டுரையில் பாட்டுப் படநூல் எனக் குறிக்கப்படுகிறது. அதை வாய்விட்டுப் படிப்பவர் பெரியவர். காதால் கேட்டுக் கண்ணால் படம் பார்த்து, அடுத்த அடியைத் தானே சொல்லிப் பக்கத்தைப் புரட்டுவது குழந்தை. ஃபிளெக்ஸ் பலகையும் டிஜிட்டல் அச்சும் பரவிய பிறகு, கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் அச்சிட்டுப் பிழைத்த ஸ்கிரீன் பிரிண்டிங் தொழில் சுருங்கிக்கொண்டே வருகிறது. அதே தொழில், குழந்தைகளுக்கான படநூல்களில் தன் முழுத் திறமையையும் காட்டி நிற்பதால், அதன் பட்டறையையும் உழைப்பையும் களத்தில் வைத்தே அறிய வேண்டியிருக்கிறது.

இந்த ஆய்வு தூத்துக்குடி மாவட்டத்து ஆழ்வார்திருநகரியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. நம்மாழ்வாரின் பாசுரங்களை இசையோடும் அபிநயத்தோடும் நிகழ்த்தும் அரையர் சேவை இன்றும் நிலைத்திருக்கும் மிகச் சில தலங்களுள் இவ்வூரும் ஒன்று. பாட்டைக் காதுக்கும் கண்ணுக்கும் சேர்த்தே வழங்கும் மரபு இங்குப் பழையது. பத்துப்பாட்டுச் சுவடி தேடி இவ்வூர்க் கவிராயர் வீடுகளுக்கு வந்ததை உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். இவ்வூரைக் கடந்து ஓடும் தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல், முத்துக்குளித்துறையின் பழைய பட்டினம். அக்கடலோர மக்களுக்காக அண்டிரிக் அடிகளார் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. அது 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். இன்றைய குழந்தைப் படநூல்கள் பலவும் அதே 16 பக்க அளவில்தான் வருகின்றன. சுவடியைக் காத்து, அச்சையும் முதலில் வரவேற்ற இந்த வட்டாரத்தின் குழந்தைக்கு இன்று எத்தகைய பாட்டு நூல் கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பாட்டுக்குத் தமிழில் பஞ்சமில்லை. இதே மாவட்டத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் பாப்பாவுக்குப் பாடினார். தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை குழந்தைகளுக்கெனத் தனியே பாடல்கள் இயற்றினார். இராயவரத்தில் 1922இல் பிறந்த அழ.வள்ளியப்பா, வங்கிப் பணியில் இருந்துகொண்டே குழந்தைப் பாட்டைத் தம் வாழ்நாள் தொண்டாகக் கொண்டு, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றார். ஆனால் பாட்டுத் தொகுப்பு வேறு, பாட்டுப் படநூல் வேறு. தொகுப்பில் படம் பாட்டுக்கு அலங்காரமாக நிற்கும். படநூலிலோ பாட்டின் பாதிப் பொருளைப் படமே சொல்லியாக வேண்டும்.

இவ்விடத்தில் யாப்பு, பக்க அமைப்பையே தீர்மானிக்கும் ஒன்றாகிறது. அடிகளின் முதல் எழுத்து ஒன்றி வருவது மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை, இறுதி ஒன்றி வருவது இயைபு. "ஆற்றின் ஓரம் நாணல், காற்று வந்தால் ஆடும், நாணல் ஆடக் கண்டு நாரை தானும் ஆடும்" என்று நான்கு அடிகளை எடுத்துக்கொண்டால், முதல் இரண்டடி எதுகையாலும் அடுத்த இரண்டடி மோனையாலும் பிணைந்திருப்பது தெரியும். இவற்றை அடிக்கொரு வரியாக அச்சிடும்போது, ஒத்து ஒலிக்கும் சொற்கள் இடப்பக்க ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கின்றன. வரியின் முடிவில் ஒலி ஒன்றும் ஆங்கிலப் பாட்டுக்கு வகுத்த பக்க அமைப்பை அப்படியே எடுத்து, இடப்புறத்தைப் படத்தால் அடைத்துப் பாட்டை வலப்புறம் நெருக்கி மடக்கிவிட்டால், எதுகை கண்ணில் படாமலே போய்விடும். நாணல் ஒரு பக்கத்திலும், பக்கத்தைப் புரட்டிய பின் நாரை மறுபக்கத்திலும் வருமாறு அமைத்தால், குழந்தை நாரையை எதிர்பார்த்தே பக்கத்தைப் புரட்டும். இக்கணக்கைப் பாடியவரும் வரைந்தவரும் அச்சிடுபவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் போட முடியும்.

இனி அச்சிடுபவரின் பட்டறைக்கு வருவோம். சென்னையில் 1994இல் கீதா உல்ஃப் தொடங்கிய தாரா பதிப்பகத்துக்காக, ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் என்னும் பட்டறையில் நூல்கள் கையாலேயே அச்சிடப்பட்டு, கையாலேயே தைத்துக் கட்டப்படுகின்றன. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணிக்கு ஸ்கிரீன் என்று பெயர். ஒளிபட்டால் இறுகும் பூச்சை அதன்மேல் தடவி, படத்தின் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால், கோடுகள் இருந்த இடம் மட்டும் மை புகும் வழியாகத் திறந்துகொள்ளும். அதன்பின் எல்லாம் ஒரே ஒரு கருவியின் கையில் இருக்கிறது.

அக்கருவி ஸ்க்வீஜி. மரக்கைப்பிடியில் ரப்பர்ப் பட்டை செருகியது, பார்வைக்கு எளியது. ஸ்கிரீனின் ஒரு முனையில் மையை ஊற்றி, ஸ்க்வீஜியை இரு கைகளாலும் பிடித்து, ஒரே சாய்வில் ஒரே அழுத்தத்தில் மறுமுனை வரை இழுத்தால், மை துணியின் கண்கள் வழியே இறங்கித் தாளில் படியும். அழுத்தம் கூடினால் கோட்டின் ஓரம் கசியும். குறைந்தால் நடுவில் வெளுத்துப்போகும். பாதியில் கை தயங்கினால் அந்த இடத்தில் ஒரு வரை விழும். ரப்பரின் விளிம்பு கூராக இருந்தால் நுண்கோடு தெளிவாக விழும். தேய்ந்து மழுங்கினால் மை தடித்து இறங்கும். தேர்ந்த தொழிலாளர், ரப்பர் துணியில் உரசும் ஓசையைக் கேட்டே மையின் பதத்தை அறிவார். அச்சிட்ட தாளை உடனே வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பதும், அடுத்த வண்ணம் முந்தைய வண்ணத்தின்மேல் பிசகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று ஓரக்குறிகளை ஒத்துப் பார்ப்பதும் அவருக்கு இயல்பாகிவிட்ட செயல்கள்.

ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி ஸ்கிரீன், தனி இழுப்பு. இடையே தாள் காயும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு நூலுக்கு 2 பெரிய தாள்கள், தாளுக்கு 2 புறம், புறத்துக்கு 3 வண்ணம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பிரதிக்கு 12 இழுப்புகள். 1,000 பிரதிகளுக்கு 12,000 இழுப்புகள். பிழைபட்டுக் கழியும் தாள்கள் இக்கணக்கில் சேரவில்லை. தோளும் மணிக்கட்டும் தாங்கும் இவ்வுழைப்பின் சுவடு, தாளைத் தடவினால் விரலில் தட்டுப்படும் மையின் கனமாக நூலில் நிற்கிறது; குழந்தை அதைத் தொட்டே உணர்கிறது.

இத்தொழிலின் பெருமையை உலகம் அறிந்திருக்கிறது. கோண்டு ஓவியர்கள் மூவரின் படங்களைக் கறுப்புத் தாளில் கையால் அச்சிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' 2008இல் இத்தாலியின் பொலோனியா குழந்தைநூல் காட்சியில் பரிசு பெற்றது. தாரா வெளியிட்ட பாட்டுப் படநூல்களில் அனுஷ்கா ரவிசங்கர் பாடி, புலக் பிஸ்வாஸ் வரைந்த 'டைகர் ஆன் எ ட்ரீ' முன்னிற்பது. அதன் படங்களுக்காக ஓவியர் 1999இல் பிராட்டிஸ்லாவாவில் சிறப்பிக்கப்பட்டார். சென்னையில் பிறந்த அப்பாட்டு நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்த கைகள் அச்சிடும் நூல்கள் வெளிநாட்டு வாசகர் வரை செல்கின்றன. கையச்சு நூலின் விலையோ ஆழ்வார்திருநகரியின் கூலித்தொழிலாளி வீட்டுக்கு எட்டாதது.

அவ்வீட்டுக்கு எட்டுவது கடைவீதியிலும் திருவிழாக் கடைகளிலும் தொங்கும் மலிவுப் பாட்டுப் புத்தகம். பாடியவர் பெயரோ வரைந்தவர் பெயரோ இல்லாமல் வரும் இத்தகைய புத்தகங்கள் பல. பாட்டு பொதுச்சொத்தாகவும் படம் யாருக்கும் உரிமையற்றதாகவும் கொள்ளப்படுவதால், ஆக்கியவருக்குச் சேர வேண்டியது இடையில் நிற்பவர் கைக்குப் போகிறது. பெயர் போட்டு வெளியிடும் பதிப்பாளரிடமும் விற்பனைக் கழிவாக விலையின் பெரும்பங்கு பிடுங்கப்பட்டு, பாடியவருக்குச் சிறு விகிதமும் ஓவியருக்கு ஒருமுறைத் தொகையும் மிஞ்சுகின்றன. அச்சிட்ட தொழிலாளியின் பெயர் பேச்சுக்கே வருவதில்லை. குழந்தையின் முதல் நூலை ஆக்கியவர்களைப் பெயரற்றவர்களாக்கி ஈட்டும் இலாபம் அறமற்றது. பொது நூலகங்களுக்கு நூல் வாங்கும் நூலக ஆணையும் நெடுங்காலம் ஃபாரம் கணக்கில், அதாவது 16 பக்க மடிப்பை அலகாகக் கொண்டு, விலை நிர்ணயித்து வந்திருக்கிறது. பக்கத்தை எண்ணும் அந்த அளவுகோல், 16 பக்கத்துக்குள் மூவர் உழைப்பைச் செறித்த நூலுக்கு ஒருபோதும் நியாயம் செய்யாது.

வழி இல்லாமல் இல்லை. இந்தியாவிலேயே முன்னோடியாக 1948இல் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழகம். சொத்துவரியோடு நூலக வரியும் வசூலாகிறது. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்குப் பாட்டைக் கொண்டு சென்றது. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நான்காம் வகுப்பு முதல் படமிட்ட சிறு நூல்களை அரசுப் பள்ளிகளில் வழங்கியது. இவற்றுக்குக் கீழ்ப்படியில் உள்ள அங்கன்வாடிக் குழந்தைக்கும் தனக்கென்று பாட்டுப் படநூல்கள் வேண்டும்.

அதை ஆழ்வார்திருநகரி ஒன்றியத்து அங்கன்வாடிகளிலிருந்தே தொடங்கலாம். அரசு அந்நூல்களைப் பக்கக் கணக்கில் அல்லாமல் வண்ணத்தையும் உழைப்பையும் கணக்கிட்டு, ஆக்கியவரிடமிருந்து நேரே வாங்க வேண்டும். அட்டையில் பாடியவர், வரைந்தவர், அச்சிட்டவர் ஆகிய மூவர் பெயரும் இருந்தாலன்றி எந்த நூலையும் ஏற்கலாகாது. பெற்றோரும் குழந்தைக்குப் புத்தகம் வாங்கும்போது அந்த மூன்று பெயர்களையும் தேடிப் பார்த்து வாங்க வேண்டும்.