ஆறிப்போன புகையிலை

புதுவை முத்தியால்பேட்டையில் மகளுக்கு வாடகைக்குப் பிடித்த வீட்டில், முன்பு இருந்தவர் ஓயாமல் சிகரெட் பிடிப்பவராம். பிரெஞ்சில் படித்த எனக்கு அந்த வாடைக்குச் சட்டென வரும் சொல் 'தபா ஃப்ருவா': ஆறிப்போன புகையிலை.

"புதுசா பெயிண்ட் அடிச்சாச்சு சார்" என்றார் வீட்டுக்காரர். அடித்தது கறையின் மேலேயே! மழை ஈரத்தில் மஞ்சள் கசிந்தது, வாடையும் கிளம்பியது. ஊதுவத்தி ஏற்றினால் வாடை இரண்டாகும், அவ்வளவுதான். நிக்கோட்டின் சுவரிலும் தரையிலும் பிசின்போல ஒட்டிக்கொள்ளும். பேத்தியோ தவழ்கிற வயது. கையை வாயில் வைப்பாள்.

சலவை சோடா கரைத்த வெந்நீரால் சீலிங், ஃபேன் இறக்கை, அலமாரி உள்பக்கம் எல்லாம் தேய்த்தோம். வாளித் தண்ணீர் டீ நிறமானது. திரைச்சீலைகளை எறிந்துவிட்டோம். பிறகுதான் பிரைமர், பெயிண்ட்.

கூலி யார் தருவது என்று வீட்டுக்காரரோடு இன்னும் பேச்சு நடக்கிறது. பழைய குமாஸ்தா அல்லவா, வாளியைப் போட்டோ எடுத்துத் தேதி போட்டு வைத்திருக்கிறேன்.