ஓசையும் உழைப்பும்

தச்சனின் உளியோசையும் கொல்லனின் சம்மட்டியோசையும் அவரவர் தொழிலை அறிவிப்பன. மோட்டார் வண்டியின் ஓசையும் அத்தகையதே. உள்ளே நிகழும் உழைப்பை அது வெளியே கூறுகின்றது. உழைப்பு நிகழாதவிடத்து அதன் ஓசையை மாத்திரம் மனிதன் உண்டாக்க முற்படுவானாயின் அதனை என்னென்பது? இங்கிலாந்தின் நகர்த் தெருக்களில் நள்ளிரவில் படபடவென வெடித்துச் செல்லும் கார்கள் இவ்வினாவையே எழுப்புகின்றன.

டர்போ பொருத்திய எஞ்சின் இயல்பில் அடக்கமான குரலுடையது. 1905ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி பெற்ற காப்புரிமையே அதற்கு வித்து. வீணே வெளியேறும் புகையைக் கொண்டு சுழலியொன்றைச் சுழற்றி, அதனோடிணைந்த அமுக்கியால் எஞ்சினுள் மிகுதியான காற்றைச் செலுத்துவதே அதன் தத்துவம். புகையின் ஆற்றலில் ஒரு பங்கைச் சுழலி எடுத்துக்கொள்வதால் ஓசையும் அங்கேயே தணிந்துவிடுகின்றது.

இவ்வமைப்பிற்கு ஒரு குறை உண்டு. சாரதி வேகமிதியினின்றும் காலை எடுத்ததும் சுழலி தளர்ந்துவிடும்; மீண்டும் மிதித்தால் ஆற்றல் உடனே கிட்டாது. ரலிப் போட்டியில் இத்தாமதம் வெற்றியைப் பறித்துவிடும். எனவே பொறியியலாளர் ஓர் உபாயங் கண்டனர். எரிபற்றும் பொறியைப் பிந்தச்செய்து, எரிபொருளையும் காற்றையும் இடைவிடாது செலுத்தி, எரிதலின் ஒரு பகுதியைப் புகைக்குழாயிலேயே நிகழச்செய்தனர். சுழலி தளராது நின்றது. கூடவே வெடியோசையும் எழுந்தது. 1990களில் சுபாரு, மிட்சுபிசி, டொயோட்டா ஆகிய ரலிக் கார்கள் காட்டுப்பாதைகளில் எழுப்பிய ஓசை இதுவே. ஓசைக்காக அதனை எவரும் ஆக்கவில்லை. அது வேலையின் எச்சம்.

அந்த ஓசையிற் சிறுவயதிலேயே மனத்தைப் பறிகொடுத்தவன் அவன். தொழிற்சாலையொன்றிற் பகல் முழுதும் பொதி கட்டுபவன். அவன் பெயரைச் சொல்லி அழைப்போர் அங்கு அரியர். ஈராண்டு சேமித்துப் பழைய டர்போ காரொன்றை வாங்கினான். சைலன்சரைக் கழற்றி அகன்ற குழாயொன்றைப் பூட்டினான். எஞ்சினை ஆளும் கணினியின் மென்பொருளையும் மாற்றுவித்தான். காலை எடுத்ததும் எரிபொருளை முற்றாக நிறுத்தி, பெற்றோலை மிச்சப்படுத்துவது அக்கணினியின் வழக்கம். இப்போதோ அவ்வேளையிலும் எரிபொருள் பாய்ந்தது, பொறி பிந்தியது, குழாய் வெடித்தது. தெருவில் நடப்போர் திரும்பிப் பார்த்தனர். பார்த்த அக்கணத்தில் அவன் ஒருவனாக மதிக்கப்பட்டான்.

அதற்கு விலையும் உண்டு. புகையைச் சுத்திகரிக்கும் ஊக்கியின் தேன்கூடு போன்ற பீங்கான் மிகைவெப்பத்தால் உருகிச் சிதையக்கூடும். சுழலியின் இதழ்களும் வெளியேற்று வால்வுகளும் நலியும். இவையெல்லாம் அவன் அறிந்தவையே. பொருள் தன்னுடையது, கேடும் தன்னுடையது என்று அவன் எண்ணியிருந்தான்.

அவனுக்கொரு மகள் பிறந்தாள். பிறந்து மூன்றாம் வாரம் காய்ச்சல் கண்டு, இரவெல்லாம் அழுது, விடியற்பொழுதிற்கு முன்னரே சற்றுக் கண்ணயர்ந்தாள். அவ்வேளை வேறொருவனுடைய கார் வெடித்துக்கொண்டு தெருவைக் கடந்தது. குழந்தை திடுக்கிட்டு வீரிட்டது. சன்னலோரம் நின்ற தந்தைக்கு அவ்வோசையின் ஒவ்வொரு கூறும் விளங்கிற்று. எந்த மென்பொருள், எத்துணை அகன்ற குழாய் என்பதும் விளங்கிற்று. அது தன் குரலே என்பதும் அப்போதுதான் விளங்கிற்று.

இரவில் வீதியோசையின் சராசரி 45 டெசிபலுக்குள் அடங்கவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்குப் பரிந்துரைத்தது. 2022இல் பரிஸ் நகரில் மிகையோசை வண்டிகளைக் கண்டறியும் கருவிகள் சோதனைக்காக நிறுத்தப்பட்டன. சட்டம் செய்யக்கூடியது அவ்வளவே. ஆசை வேறு வழிகளையுந் தேடும். 2023இல் அறிமுகமான ஹயுண்டாயின் மின்காரொன்று, புகைக்குழாயே இல்லாதிருந்தும், ஒலிபெருக்கியினால் வெடியோசை எழுப்புகின்றது. வேலை மறைந்த பின்னும் அதன் ஓசை வாழ்கின்றது. ஆயினும் அதனை அணைக்க ஒரு விசையேனும் அங்குண்டு.

மறுவாரம் அவன் பழைய மென்பொருளை மீளப் பதிப்பித்தான், சைலன்சரையும் பூட்டினான். தெருவில் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேலை முடிந்து அவன் வீடு வந்து சேர்ந்ததை, உறங்கிய மகளும் அறியவில்லை. அறியாமல் அவள் உறங்கியதே அவனுக்குப் போதுமானதாயிருந்தது.